கேளுங்கள், சொல்கிறேன்: எகிப்து வரலாறு, எங்கே தொடங்குவது?

போன மாதம் எகிப்து பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க எகிப்துதான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தில் எகிப்து இரண்டே பக்கம்தான். ஆர்வத்தில் தடிமனான ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். முதல் வம்சம், இரண்டாம் வம்சம் என்று முப்பது வம்சம் வரை பெயராகவே போகிறது, இருபது பக்கம் தாண்ட முடியவில்லை. எங்கே ஆரம்பிக்கணும்? (கல்லூரி மாணவி, விருதுநகர்)

அந்தப் புத்தகத்தை மூடி அலமாரியில் வையுங்கள். விற்றுவிட வேண்டாம், ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும்.

முப்பது வம்சம் என்ற கணக்கைப் பழைய பாரோக்கள் யாரும் போடவில்லை. கிரேக்க வழி வந்த தாலமி மன்னர்கள் எகிப்தை ஆண்டுகொண்டிருந்த கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், மனெத்தோ என்ற எகிப்தியப் பூசாரி கிரேக்க மொழியில் எழுதி வைத்த பிரிவினை அது. அவருடைய மூலநூலும் இன்று கையில் இல்லை, ஜோசஃபஸ், யூசிபியஸ் போல பின்னால் வந்தவர்கள் தங்கள் வாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்தெழுதியதுதான் மிச்சம். மன்னர்கள் தாங்களே வைத்திருந்த பட்டியல்களும் உண்டு. அபிடாஸ் என்ற ஊரில் முதலாம் சேத்தி மன்னர் கட்டிய கோயில் சுவரில் 76 மன்னர்களின் பெயர் வரிசையாக இருக்கிறது, ஆனால் ஹாட்ஷெப்சுட் இல்லை, ஆகநாடன் இல்லை, துட்டன்காமுனும் இல்லை. வேண்டாதவர்களை விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட பட்டியலை மனப்பாடம் செய்து ஆரம்பித்தால் யாருக்கும் சலிப்புதான் வரும். இப்போதைக்கு மூன்று பெரிய காலங்கள் நினைவிருந்தால் போதும்: பிரமிடுகளின் காலமான பழைய அரசு (சுமார் கி.மு. 2700 முதல் 2200 வரை), நடு அரசு (சுமார் 2050 முதல் 1650 வரை), புதிய அரசு (சுமார் 1550 முதல் 1070 வரை). இடையில் வருவதெல்லாம் நாடு பிளவுபட்டுக் கிடந்த காலங்கள்.

அப்புறம் நேராக டெயர் எல் மதீனாவுக்குப் போங்கள். லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், மலைக்கு அந்தப் பக்கம் மன்னர்களுக்குக் கல்லறை குடைந்தவர்களும் அதில் ஓவியம் தீட்டியவர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த சின்ன ஊர் அது. தண்ணீர்கூட கிடையாது, கழுதை மேல் ஏற்றி வரவேண்டும். ஆனால் அங்கே எழுதத் தெரிந்தவர்கள் அதிகம், பாப்பிரஸ் என்ற நாணல் தாள் விலை கூடுதல் என்பதால் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டு வீசியிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கடன் கணக்கு, வழக்கு, சலவைப் பட்டியல், வாங்கிய கழுதை சரியில்லை என்ற தகராறு, எல்லாமே.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது, புதிய அரசு காலத்து மன்னர் இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டுக்கானது. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள். ஒருவரைத் தேள் கொட்டியது, ஒருவருக்குக் கண் நோய், ஒருவர் பீர் காய்ச்சப் போய்விட்டார், இன்னொருவர் இறந்த உறவினரின் உடலைப் பதப்படுத்தப் போனார். மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆண்டில் கூலித் தானியம் வராமல் நாள் கடந்துகொண்டே போக, இதே ஊர்க்காரர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று அவர்கள் சொன்னது பாப்பிரஸில் எழுதப்பட்டு இன்று இத்தாலியில் டூரின் நகர மியூசியத்தில் இருக்கிறது. எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நமக்குத் தெரிந்து இதுவே பழையது. நௌநக்த் என்று ஒரு பாட்டி எட்டுப் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, வயதான காலத்தில் தன்னைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கு கிடையாது என்று சாட்சிகளை வைத்து உயில் எழுதியிருக்கிறார்.

இந்த ஊரை நன்றாகப் படியுங்கள். அந்தக் கூலி எந்தக் கிடங்கிலிருந்து வந்தது, ஏன் நின்றது, அந்த நேரத்தில் அரண்மனையில் என்ன நடந்தது என்று நீங்களே கேட்க ஆரம்பிப்பீர்கள். தடிமன் புத்தகத்தை அப்போது எடுங்கள், பெயர்கள் தானாக ஒட்டும்.

பிரமிடுகளைக் கட்டியவர்கள் அடிமைகள் என்று படித்தோம். இப்போது இல்லை, சம்பளத் தொழிலாளர்கள் என்கிறார்கள். எது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

இரண்டுமே கொஞ்சம் இழுத்துச் சொல்வதுதான், ஐயா.

சவுக்கடி பட்டுக் கல் இழுக்கும் அடிமைக் கூட்டம் சினிமாவில் வந்தது. கூஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்கு ஒரு லட்சம் பேர் மூன்று மாத முறை வைத்து வேலை செய்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார், ஆனால் அவர் எகிப்துக்குப் போனதே பிரமிடு கட்டி இரண்டாயிரம் வருடம் கழித்து. அங்கே யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். பைபிளின் யாத்திராகமத்தில்கூட இஸ்ரவேலர் கட்டியதாக வருவது பண்டக சாலை நகரங்கள், பிரமிடு இல்லை.

1990-இல், பெரிய பிரமிடு நிற்கும் கிசாவில் ஒரு குதிரையின் கால் இடறிய இடத்தைத் தோண்டியபோது பிரமிடுத் தொழிலாளர்களின் கல்லறைகள் கிடைத்தன. பக்கத்திலேயே அவர்கள் தங்கிய குடியிருப்பு, ரொட்டி சுட்ட இடங்கள், குவியல் குவியலாக மாட்டெலும்பு, ஆட்டெலும்பு. எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, சரியாகக் கூடிய உடல்களும் இருந்தன. மன்னரின் பிரமிடு நிழலில் கல்லறை கட்டிக்கொள்ளும் உரிமை அடிமைக்குக் கிடைத்திருக்காது.

இதைவிடப் பெரிய சான்று 2013-இல் கிடைத்தது. செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியேர் டாலே தலைமையிலான குழு கண்டெடுத்த பாப்பிரஸ் சுருள்கள், எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை. அதில் மெரெர் என்ற நடுத்தர அதிகாரி தன் குழுவின் வேலையை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்: இன்று தூரா குவாரியில் கல் ஏற்றினோம், இன்று படகில் கிளம்பினோம், இன்று கிசா வந்து சேர்ந்தோம். பத்து நாளுக்கு இரண்டு மூன்று நடை. பிரமிடுக்கு மேல்பூச்சாகப் பதித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அது. கூஃபுவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் அங்க்ஹாஃப் மேற்பார்வை பார்த்ததும் அதில் வருகிறது. வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று வீடியோ போடுகிறவர்கள் மெரெரின் பெயரைச் சொல்வதே இல்லை, கவனித்தீர்களா?

ஆனால் சம்பளத் தொழிலாளர் என்றதும் இஷ்டப்பட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று நினைத்துவிடவும் கூடாது. கைதேர்ந்த கல்தச்சர்கள் நிரந்தரமாக இருந்தார்கள், மற்றவர்கள் ஊர் ஊராக முறைவைத்து அரசாங்கம் கூப்பிட்டு வந்தவர்கள். வரமாட்டேன் என்று சொல்லமுடியாது. சாப்பாடு உண்டு, பீர் உண்டு, மருத்துவம் உண்டு, கட்டாயமும் உண்டு.

கி.மு. 1274-இல் போர், கி.மு. 1323-இல் மரணம் என்று எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் கி.மு. கணக்கே கிடையாதே, எப்படிச் சொல்கிறார்கள்? கூட்டிக் கழித்து அடித்து விடுகிறார்களா? (மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி)

கூட்டிக் கழிப்பதுதான், ஆனால் அடித்து விடவில்லை.

எகிப்தியர் வருடத்தை மன்னரை வைத்து எண்ணினார்கள். இன்ன மன்னரின் 5-ஆம் ஆண்டு, இத்தனையாவது மாதம், இத்தனையாவது நாள். மன்னர் மாறினால் மறுபடி ஒன்றிலிருந்து. எல்லா மன்னர்களின் ஆட்சியாண்டுகளையும் சேர்த்துப் பின்னோக்கிப் போகலாம், ஆனால் எங்கேயாவது ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட வேண்டுமே? அந்த ஆணி எகிப்துக்கு வெளியே கிடைத்தது. இன்றைய ஈராக் பக்கத்து அசீரியர்கள் வருடத்துக்கு ஓர் அதிகாரியின் பெயர் வைத்துப் பட்டியல் எழுதி வந்தார்கள், அதில் ஒரு வருடத்தில் சூரிய கிரகணம் வந்ததைக் குறித்திருக்கிறார்கள். வானியல் கணக்குப்படி அது கி.மு. 763 ஜூன் 15. அசீரிய மன்னர் அசுர்பனிபால் எகிப்தின் தீப்ஸ் நகரைச் சூறையாடியது 663 என்று வருவது இந்த வழியில்தான். எகிப்தில் முதலாம் சாம்டிக் 664-இல் ஆட்சிக்கு வந்ததும் உறுதி. அதற்குப் பிந்திய தேதிகளில் பெரிய சண்டை எதுவும் இல்லை.

அதற்கு முன்னால் போகப் போகத்தான் ஆட்டம் கொடுக்கும். சில மன்னர்கள் மகனோடு சேர்ந்து ஆண்டார்கள், சில ஆட்சிகளின் நீளம் சரியாகத் தெரியாது, நாடு உடைந்த காலத்தில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் மன்னராக இருந்தார்கள். இங்கே இரண்டு விஷயம் உதவிக்கு வருகிறது. ஒன்று சிரியஸ் நட்சத்திரம். எகிப்தியரின் வருடம் சரியாக 365 நாள், முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்து நாள் கூடுதல், லீப் வருடம் கிடையாது. அதனால் நாலு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் காலண்டர் நழுவிக்கொண்டே போகும். சிரியஸ் விடியலில் முதன்முதலாகத் தெரிந்த நாளை யாராவது ஆட்சியாண்டோடு சேர்த்து எழுதி வைத்திருந்தால், எவ்வளவு நழுவியிருக்கிறது என்று பார்த்து வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். அப்படிச் சில குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பார்த்தவர் வடக்கே மெம்ஃபிஸில் நின்று பார்த்தாரா, தெற்கே எலிஃபன்டைனில் நின்று பார்த்தாரா என்பதைப் பொறுத்தே இருபது வருடம் போல மாறிவிடும்.

இன்னொன்று, பொருளில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் கார்பன் கணிப்பு. மியூசியங்களில் இருந்த விதை, கூடை, செடித்தண்டு போல ஒரே பருவத்தில் வளர்ந்து முடிந்த பொருட்களை எடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2010-இல் வெளியானது. புதிய அரசு தொடங்கியது கி.மு. 1570-க்கும் 1544-க்கும் நடுவில், படிக்கட்டுப் பிரமிடு கட்டிய ஜோசர் ஆட்சிக்கு வந்தது 2691-க்கும் 2625-க்கும் நடுவில் என்று அது சொன்னது. வரலாற்றாசிரியர்கள் ஏட்டை வைத்துப் போட்ட கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. ஆகவே துட்டன்காமுன் காலத்துத் தேதிக்குப் பத்து இருபது வருடம் முன்னே பின்னே விட்டுப் படியுங்கள், பிரமிடு காலத்துக்கு இன்னும் தாராளமாக விடுங்கள். முன்னால் 'சுமார்' போடாமல் பழைய அரசின் தேதியை எழுதும் புத்தகத்தைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

துட்டன்காமுன் சாபம் உண்மையா? (பிளஸ் ஒன் மாணவன், நாகர்கோவில்)

இல்லை. கல்லறையைத் தேடும் அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார், கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி வெட்டிச் சீழ் பிடித்ததால். கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார். முதல் ஆட்களோடு உள்ளே போன கார்னர்வனின் மகள் 1980 வரை வாழ்ந்தார். செய்தி வெளியிடும் உரிமையை லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு மட்டும் கார்னர்வன் விற்றுவிட்டதால், மற்ற பத்திரிகைக்காரர்களுக்கு எழுத வேறு ஏதாவது வேண்டியிருந்தது. சாபம் கிடைத்தது.

பிரமிடு கட்டியது தமிழர்கள், ராம்செஸ் என்பதே நம் பெயர் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. மம்மிக்குள் நம் மிளகு இருந்ததாம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (வங்கி ஊழியர், திருச்சி)

மிளகு உண்மை. கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மூக்கினுள் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்தான். அதற்காக மிளகு போன வழியெல்லாம் மிளகுக்காரரும் போனார் என்று ஆகாது, சரக்கு பல கை மாறும். மற்ற இரண்டும் கதை.

ஆனால் நிஜமான தொடர்பு ஒன்று இருக்கும்போது இந்த ஃபார்வர்டு எதற்கு என்பதுதான் என் வருத்தம். செங்கடல் கரையில் குசெய்ர் அல் கதிம், பெரனிகே என்ற இரண்டு துறைமுகங்களிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குசெய்ரில் கணன், சாதன் என்ற ஆட்பெயர்கள், பெரனிகேயில் கொற்பூமான். பெரனிகேயின் கோயில் முற்றத்தில் இந்தியாவில் செய்த ஒரு பெரிய ஜாடி நிறைய ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. முசிறியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் போன சரக்குக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று, கிரேக்க மொழியில் பாப்பிரஸில் எழுதியது, இன்று வியன்னாவில் இருக்கிறது. கப்பல் பெயர் ஹெர்மபொலோன், சரக்கில் யானைத் தந்தமும் கங்கைக் கரை வாசனைப் பொருளும். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறும் பாடுகிறது. காலத்தை மட்டும் கவனியுங்கள், இதெல்லாம் தாலமிகளின் கடைசிக் காலமும் ரோமர் காலமும். பெரிய பிரமிடு கட்டி இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் ஆகியிருந்தது.

கதேஷ் போரில் இரண்டாம் ராம்செஸ் தனி ஆளாக ஹிட்டைட் படையை விரட்டினார் என்று கோயில் சுவரிலேயே இருக்கிறது. சுவரில் இருப்பதை நம்பலாமா? (வழக்கறிஞர், மதுரை)

எதிர்தரப்பு சாட்சியை விசாரிக்காமல் நீங்கள் விடுவீர்களா? கர்னாக், லக்சர், ராமேசியம், அபிடாஸ், அபு சிம்பெல் என்று இடம் கிடைத்த சுவரிலெல்லாம் அவர் இந்த வெற்றியைப் பொறித்திருக்கிறார். போர் முடிந்த பிறகு, சிரியாவில் இருந்த அந்தக் கதேஷ் நகரம் யார் கையில் இருந்தது தெரியுமா? ஹிட்டைட்டுகள் கையில். பதினைந்து வருடம் கழித்து, கி.மு. 1259-இல் இரண்டு நாடும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. நல்லவேளையாக இரண்டு பக்கத்துப் பிரதியும் நமக்குக் கிடைத்திருக்கிறது, எகிப்தியருடையது கர்னாக் சுவரில், ஹிட்டைட்டுகளுடையது துருக்கியில் அவர்கள் தலைநகரான ஹட்டூசாவில் களிமண் பலகையில். சமாதானம் கேட்டு வந்தது அவர்கள்தான் என்று ஒவ்வொருவரும் மற்றவரைச் சொல்கிறார்கள்.

சுவரைப் படிக்கத்தான் வேண்டும். நடந்தது என்ன என்பதற்குக் கொஞ்சமாக, மன்னர் தன்னை எப்படிக் காட்ட நினைத்தார் என்பதற்கு நிறையவே உதவும்.

மற்ற மன்னர்களின் கல்லறையெல்லாம் கொள்ளை போய், துட்டன்காமுனுடையது மட்டும் எப்படித் தப்பியது? (இல்லத்தரசி, ஈரோடு)

முழுதாகத் தப்பவில்லை, பழங்காலத்திலேயே இரண்டு முறை திருடர் உள்ளே போயிருக்கிறார்கள். பிறகு அதே சரிவில் ஆறாம் ராம்செஸுக்குக் கல்லறை குடைந்த கல்லும் மண்ணும் மேலே விழுந்து, அதன்மேல் தொழிலாளர் குடிசைகளும் வந்து, வாசல் மறைந்துபோயிற்று.

திருட்டு எப்படி நடந்தது என்பதற்கு வாக்குமூலமே இருக்கிறது. ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில் அமென்பனெஃபர் என்ற கல்தச்சர் கூட்டாளிகளோடு சோபெகெம்சாஃப் என்ற பழைய மன்னரின் கல்லறையைக் குடைந்து, மன்னர் ராணி இருவர் உடலிலிருந்தும் தங்கத்தை உரித்து, சவப்பெட்டியைக் கொளுத்திவிட்டு, எட்டுப் பேர் தலைக்கு 20 தெபென் பிரித்துக்கொண்டார்கள். தெபென் என்பது சுமார் 91 கிராம் எடை. பிடிபட்டதும் தன் பங்கைப் பகுதி எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்தேன், கூட்டாளிகள் எனக்கு மறுபடி பங்கு தந்தார்கள், பிறகும் திருடினோம் என்று அவரே சொல்கிறார். அந்தப் பாப்பிரஸின் கீழ்ப்பாதி நியூயார்க்கில் இருக்கிறது. மேல்பாதி 1935-இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு மரச்சிலையின் உள்ளிருந்து வந்தது, சிலைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பு. எகிப்தின் சித்திர எழுத்தை அவளே படிக்க முயல்கிறாள், எகிப்தியல்தான் படிப்பேன் என்கிறாள். பிழைப்புக்கு ஆகுமா, இல்லை ஆசைக்கு மட்டும்தானா? (மகளின் தந்தை, கோயம்புத்தூர்)

எழுத்தை முதலில் பார்ப்போம். தானே படிக்கலாம், பலர் படிக்கிறார்கள். நடு எகிப்திய மொழிக்குச் சுமார் 700 குறிகள். பயப்பட வேண்டாம், ஒற்றை மெய்யொலிக் குறிகள் 24 சொச்சம்தான், அதைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். உயிரெழுத்தை எழுதவே மாட்டார்கள், நாம் வாயில் வருவதற்காக எ, ஆ சேர்த்துச் சொல்கிறோம். பறவையும் மனிதனும் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கவேண்டும். வளையத்துக்குள் இருக்கும் மன்னர் பெயர்களில் தொடங்கச் சொல்லுங்கள், இந்த எழுத்தின் புதிரை அவிழ்த்த ஷாம்போலியனும் 1822-இல் அங்கேதான் தொடங்கினார். பிறகு கல்லறைக் கற்களில் வரும் படையல் வாசகம். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குவளை பீர், மாடு, கோழி என்று இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளும் அந்த வாசகம் சின்ன மாறுதல்களோடு ஆயிரக்கணக்கான கற்களில் திரும்பத் திரும்ப வரும். அது ஒன்று கைவந்தால் மியூசியத்தில் பாதிக் கல்லை மகள் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். டூரின், பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மூன்றும் தங்கள் பொருட்களின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன, பயிற்சிக்குப் பஞ்சமில்லை.

பிழைப்பு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். உலகம் முழுக்கவே இதில் வேலை குறைவு, போட்டி அதிகம். லைடன், ஆக்ஸ்ஃபோர்ட், லிவர்பூல், ஹைடல்பெர்க், சிகாகோ என்று வெளியே போய்த்தான் ஆழமாகப் படிக்க முடியும், செலவும் ஆகும். அதனால் இளங்கலையில் நேராக அதில் குதிக்காமல், இங்கேயே வரலாறோ தொல்லியலோ படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு, தொல்லியல் துறையிலோ புனே டெக்கான் கல்லூரியிலோ முதுகலை முடித்து, குழி தோண்டிப் பழகிய பிறகு எகிப்துக்குத் திரும்பலாம். பெரனிகே போன்ற துறைமுகங்களில் இந்தியப் பானையையும் தமிழ் பிராமியையும் அடையாளம் காணத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது, தமிழ்ப் பெண் ஒருத்திக்கு அது நல்ல வாசல். இப்போதிருந்தே ஜெர்மனோ பிரெஞ்சோ ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள், முக்கியமான அகராதியும் அகழாய்வு அறிக்கைகளும் பெருமளவு அந்த மொழிகளில்தான். எகிப்தியல் கைகூடாவிட்டாலும் அந்த மொழி சோறு போடும்.

எகிப்து போக வசதியில்லை. இந்தியாவில் மம்மி பார்க்க முடியுமா? (ஆட்டோ ஓட்டுநர், வேலூர்)

முடியும். உங்களுக்குப் பக்கம் ஹைதராபாத், அரசு மியூசியம், பொதுத் தோட்டத்துக்குள்ளேயே. கொல்கத்தா இந்தியன் மியூசியம், ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால், பரோடா மியூசியம் மூன்றிலும் உண்டு. கிளம்பும் முன் விடுமுறை நாள் எது என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.